நடந்து போகிற தூரமே நியூயார்க்

பிப்ரவரி கடைசியில் நியூயார்க்கில் மாலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை விளக்கை அதற்குப் பதினெட்டு நிமிடம் முன்பே ஏற்றிவிட வேண்டும். ஏற்றிய பிறகு வண்டி ஏறக்கூடாது, பணத்தைத் தொடக்கூடாது, ஸ்விட்ச் போடக்கூடாது, செல்போன் கூடவே கூடாது. சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை இப்படித்தான், ஏறக்குறைய 25 மணி நேரம். வெளியூரிலிருந்து ஐம்பது பதின்வயதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் பஸ் ஐந்து மணிக்கு வான் விக் நெடுஞ்சாலை நெரிசலில் நின்றுவிட்டால், அழைத்து வருகிற ரபிக்கு, அதாவது யூதச் சமயப் போதகருக்கு, வயிற்றில் புளி கரைக்காமல் என்ன செய்யும்?

ஹபாத் என்ற யூத சமய இயக்கத்தின் பதின்வயதினர் அமைப்புக்குச் சிடீன் என்று பெயர். அது ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ப்ரூக்ளினின் க்ரவுன் ஹைட்ஸ் பகுதியில் ஒரு வார இறுதிக் கூடுகை நடத்துகிறது. அமெரிக்காவின் சிற்றூர்களிலிருந்தும் பல வெளிநாடுகளிலிருந்தும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். வெள்ளி மாலைக்கு முன் ஒரு கல்லறைத் தரிசனம், வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள், சனி இரவு டைம்ஸ் சதுக்கத்தில் இசையும் ஆட்டமும், ஞாயிறு நிறைவுக் கூட்டம், ஊர் திரும்புதல். மேலோட்டமாகப் பார்த்தால் பள்ளிக்கூட உல்லாசப் பயணம் போலத்தான் இருக்கும். எண்பது லட்சம் பேர் வாழும் ஒரு நகரத்துக்கு ஆன்மிகப் பயணம் வந்து, அதில் பெரும்பகுதி நேரத்தை நாலைந்து தெருக்களுக்குள்ளேயே கழிக்கிறார்கள் என்பதுதான் இதில் என்னை இழுத்தது.

இரண்டு சொற்களை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஓய்வுநாளுக்கு எபிரேயத்தில் ஷப்பாத். இயக்கத்தின் பெயர் ஹபாத். காதில் ஒன்றுபோல விழுந்தாலும் தொடர்பில்லாத சொற்கள். ஞானம், புரிதல், அறிவு என்ற மூன்று எபிரேயச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது ஹபாத். 1775 வாக்கில் ஷ்னேயூர் ஸல்மான் தொடங்கியது அது, ஹசிதியம் என்ற யூத பக்தி மரபின் ஒரு கிளை. ரஷ்யாவின் லுபாவிச் என்ற ஊரில் நீண்டகாலம் நிலைகொண்டிருந்ததால் அதன் ஆட்களை லுபாவிச்சர் என்றும் சொல்வார்கள். இயக்கத்தின் தலைமைக் குருவுக்கு ரெபே என்று பெயர்.

ஏன் ஹோட்டல் வேண்டாம்

சுற்றுலா ஏற்பாடு தெரிந்த யாரும் முதலில் கேட்பது இதைத்தான். மன்ஹாட்டனில் இல்லாத ஹோட்டலா? பிள்ளைகளை ஏன் ப்ரூக்ளின் வீடுகளில் நாலைந்து பேராகப் பிரித்துத் தங்கவைக்க வேண்டும்?

விடை அறைக்கதவில் இருக்கிறது. இன்றைய ஹோட்டல் அறை மின்னணு அட்டையால் திறக்கும். ஓய்வுநாளில் மின்சாதனத்தை இயக்கக்கூடாது என்பதால் அந்த அட்டை பயன்படாது. வாசலில் ஆள் வந்தால் தானே திறக்கும் கதவும் சிக்கல், பொத்தான் அழுத்தும் லிஃப்டும் சிக்கல். இருபதாவது மாடியில் அறை கொடுத்தால் படியேறித்தான் போக வேண்டும். சாப்பாடு யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் சமையலறையிலிருந்து வர வேண்டும், அதுவும் வெள்ளி மாலைக்குள் சமைத்து முடித்திருக்க வேண்டும். இத்தனைக்கும் வழி செய்தாலும், தொழுகைக் கூடம் நடந்து போகிற தூரத்தில் இருந்தாக வேண்டுமே.

தமிழ் விவிலியத்தோடு பழக்கமுள்ளவர்களுக்கு ‘ஓய்வுநாள் பிரயாண தூரம்’ என்ற சொல் நினைவிருக்கும். ஊர் எல்லையைத் தாண்டி 2,000 முழம், சுமார் ஒரு கிலோமீட்டர், அதற்கு மேல் அன்று நடக்கக்கூடாது என்பது பழைய விதி. வீடு வீடாக ஒட்டிக் கிடக்கும் ப்ரூக்ளினில் ஊர் எல்லை எங்கே முடிகிறது என்று யாரும் தேட வேண்டியதில்லை. அங்கே எல்லையை வகுப்பது கால்தான். பதினாறு வயதுப் பையன் பிப்ரவரிக் குளிரில் எவ்வளவு தூரம் முணுமுணுக்காமல் நடப்பானோ அதுதான் இந்தப் பயணத்தின் வரைபடம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஓய்வுநாளில் பொதுத் தெருவில் எதையும் சுமந்து செல்லக்கூடாது. பல யூதக் குடியிருப்புகளில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து, அந்தப் பகுதி முழுவதையும் ஒரே வளாகமாகப் பாவிக்கும் ஏற்பாடு இருக்கும். அதற்கு ஏருவ் என்று பெயர். க்ரவுன் ஹைட்ஸ் லுபாவிச்சர்களிடம் அது இல்லை. 2016-இல் அப்பகுதியில் வேறொரு பிரிவு யூதர்கள் ஓர் ஏருவ் அமைத்தபோது லுபாவிச் ரபிகள் அதை ஏற்கவில்லை, பெரிய சர்ச்சையாகிவிட்டது. ஆகவே வருகிற பிள்ளை கையில் பையோ தண்ணீர் பாட்டிலோ வீட்டுச் சாவியோ இல்லாமல்தான் தெருவில் நடக்க வேண்டும். சாவியையே இடைவாரின் கொக்கியாகச் செய்து அணிந்துகொள்பவர்கள் உண்டு, அணிவது சுமப்பதாகாது என்பதால். எண் சுழற்றித் திறக்கும் இயந்திரப் பூட்டைக் கதவில் வைத்திருப்பவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் எல்லாத் தடையும் விலகிவிடும். நோயுள்ள பிள்ளைக்கு மருந்தைத் தடுக்கும் சட்டம் எதுவும் இதில் கிடையாது.

ஆக, தங்க இடம், சாப்பாடு, தொழுகை மூன்றும் பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள் அமைய வேண்டும். நியூயார்க்கில் அப்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகளை உள்வாங்கும் அடர்த்தியுள்ள இடங்கள் சிலவே. அதில் ஒன்று க்ரவுன் ஹைட்ஸ். அது தற்செயலாக அமைந்ததன்று.

1969

ஆறாவது ரெபே யோசெஃப் இட்ஸ்ஹாக் ஷ்னேயர்சன் நாஜிகள் பிடித்த வார்சாவிலிருந்து தப்பி 1940 மார்ச்சில் நியூயார்க்கில் வந்து இறங்கினார். சக்கர நாற்காலியில் இருந்தவர். அதே ஆண்டு அவருக்காக ஈஸ்டர்ன் பார்க்வே 770-ஆம் எண் வீட்டை வாங்கினார்கள். கூரான முகப்புகள் கொண்ட செங்கல் கட்டடம் அது. இன்று ‘செவன் செவன்டி’ என்றாலே போதும், உலகம் முழுக்க ஹபாத்காரர்களுக்குப் புரியும். இஸ்ரேலிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் மெல்போர்னிலும் அதே முகப்பை அச்சுப்போல எழுப்பியிருக்கிறார்கள். 1950 ஜனவரியில் அவர் மறைந்தார். ஓராண்டு கழித்து மருமகன் மெனஹெம் மெண்டல் ஷ்னேயர்சன் ஏழாவது ரெபேயாகப் பொறுப்பேற்றார்.

1960-களில் அந்தப் பகுதிக்குக் கறுப்பின மக்களும் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் பெருகக் குடிவந்தார்கள். வெள்ளையர்கள் வீட்டை விற்றுப் புறநகர்களுக்குப் போனார்கள். யூதர்களும் போனார்கள், தொழுகைக் கூடங்களையே விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. 1969-இல் ரெபே வெளிப்படையாகப் பேசினார்: போகக்கூடாது, இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். மற்ற யூதச் சபைகள் கலைந்தபோது லுபாவிச்சர்கள் மட்டும் பிடிவாதமாக நின்றார்கள். இன்று ஒரு வார இறுதியில் இத்தனை விருந்தாளிகளுக்குத் தெருத்தெருவாக மெத்தை விரிக்க முடிகிறதென்றால் அதன் வேர் அங்கேதான். நடந்து போகிற தூரத்தில் ஒரு சமூகம் இருப்பது தானாக நடக்கும் காரியமில்லை. யாரோ விற்காமல் இருந்திருக்கிறார்கள்.

குயின்ஸில் கூரையில்லாத சமாதி

நியூயார்க் தமிழர்களுக்குக் குயின்ஸ் என்றால் முதலில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில், 1977-இல் குடமுழுக்குக் கண்டது, கீழ்த்தளத்தில் தோசை. அதே குயின்ஸின் இன்னொரு கோடியில், கேம்ப்ரியா ஹைட்ஸ் பகுதியில், பழைய மான்டிஃபியோரி கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏழாவது ரெபே 1994 ஜூன் 12 அன்று மறைந்தபோது அங்கே மாமனாரின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பிறகு எட்டாவது ரெபே என்று யாரும் இல்லை. அந்த இடத்துக்கு ஓஹெல் என்று பெயர். கூடாரம் என்று பொருள். பெயர்தான் கூடாரம், நான்கு சுவர் உண்டு, மேலே கூரை இல்லை. மழையும் பனியும் நேரே விழும்.

கென்னடி விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் பல குழுக்கள் விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டியோடு நேராக இங்கேதான் வருகின்றன. ஓய்வுநாளில் இங்கே வர முடியாது, க்ரவுன் ஹைட்ஸிலிருந்து நடக்கிற தூரம் கிடையாது. எனவே வியாழன் அல்லது வெள்ளி காலை. கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் வரவேற்பு இடம். இரவும் பகலும் ஆள் இருக்கும். ரெபே பேசும் பழைய காணொளிகள் திரையில் ஓடிக்கொண்டிருக்கும், ஓரமாகத் தேநீரும் பிஸ்கட்டும். சமாதிக்குப் போகுமுன் வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை, தாகத்துக்குக் குடிக்கலாம் என்பது வழக்கம். தோல் செருப்பைக் கழற்றிவிட்டு துணிக்காலணி போட்டுக்கொள்வார்கள். உள்ளே போகுமுன் கதவைத் தட்டுவார்கள், வெளியே வரும்போது முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வருவார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வாசல்.

முக்கியமான காரியம் சீட்டு எழுதுவது. வேண்டுதலைக் காகிதத்தில் எழுதி, சமாதியின் முன் நின்று மெல்ல வாசித்து, கிழித்து, உள்ளே போட்டுவிட வேண்டும். ரெபே உயிரோடிருந்தபோது தன் மாமனார் சமாதிக்கு இப்படித்தான் பை நிறையப் பிறர் கடிதங்களைச் சுமந்துபோய், மணிக்கணக்கில் நின்று வாசித்துக் கிழித்துவிட்டு வருவார். 1992 மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்ததும் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான். இப்போது ஃபேக்ஸிலும் மின்னஞ்சலிலும் வருகிற சீட்டுகளையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கிழித்துப் போடுகிறார்கள். கிழிந்த காகிதம் குவியலாகக் கிடக்கும். அர்ஜென்டினா அதிபர் ஹவியே மிலேய் வந்திருக்கிறார், 2024 அக்டோபர் 7 அன்று டொனால்ட் டிரம்ப் வந்தார். அவர்கள் நின்ற இடத்தில்தான் கணக்குத் தேர்வில் தேறவேண்டும் என்று எழுதிய பையனும் நிற்கிறான்.

நம் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பது போல இங்கே சீட்டில் எபிரேயப் பெயரும் தாயின் எபிரேயப் பெயரும் கேட்கப்படும். இன்ன தாயின் மகன் இன்னான், இன்ன தாயின் மகள் இன்னாள். அப்பா பெயர் வேண்டாம். நோயாளிக்காகவும் குறை தீரவும் வேண்டும்போது தாய் பெயர் சொல்வதே யூத மரபு.

ஒருங்கிணைப்பாளர் தடுமாறும் இடமும் இதுதான் என்று நினைக்கிறேன். எபிரேயப் பெயரே இல்லாத பிள்ளைகள் வருவார்கள். பாட்டி பெயர் நினைவிருக்கும், அம்மாவின் எபிரேயப் பெயர் தெரியாது. போன் போட்டு அம்மாவிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. அதையாவது சமாளித்துவிடலாம். அப்பா மட்டும் யூதர், அம்மா யூதரில்லை என்ற பிள்ளைக்கு என்ன சொல்வது? ஹபாத் உள்ளிட்ட மரபுவழி யூதம் தாய்வழியை மட்டுமே ஏற்கும். அமெரிக்கச் சீர்திருத்த யூதமோ, யூதராகவே வளர்க்கப்பட்டால் தந்தைவழிப் பிள்ளையும் யூதர்தான் என்று 1983-இல் முடிவெடுத்துவிட்டது. ஊரில் தன்னை முழு யூதன் என்று நினைத்து வளர்ந்த பையன், சீட்டில் அம்மா பெயர் எழுதும் கட்டத்தில் வந்து நிற்பான். இந்தச் சங்கடத்தை ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது தவறு. பதிவுப் படிவம் நிரப்பும்போதே பெற்றோரிடம் மரியாதையாகப் பேசியிருக்க வேண்டும்.

இன்னொரு முன்னேற்பாடும் தேவைப்படும். கோஹென் என்பது ஆரோன் வழிவந்த ஆசாரியக் குடும்பம். அவர்கள் பிணத்தீட்டுப் படக்கூடாதென்று கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைய மாட்டார்கள். குழுவில் அந்தக் குடும்பப் பையன் இருந்தால், எதுவரை போகலாம், எங்கே நிற்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. எல்லாரும் உள்ளே போனபின் அவன் ஒருவன் மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் அது பயணமாகாது.

அதே பாதையில் நடந்த விபத்து

இந்தக் கல்லறைத் தோட்டத்திலிருந்து க்ரவுன் ஹைட்ஸ் திரும்பும் பாதைக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் அழைத்துப்போவது நேர்மையாகாது.

1991 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. ரெபே சமாதிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அவரோடு வந்த வண்டி வரிசையில் கடைசிக் கார், யூடிகா அவென்யூவும் பிரசிடென்ட் தெருவும் கூடுமிடத்தில் இன்னொரு காரில் மோதி நடைபாதையில் ஏறியது. கயானாவிலிருந்து குடியேறியவர்களின் மகன், ஏழு வயது கேவின் கேட்டோ இறந்துபோனான். அவன் உறவுக்காரச் சிறுமி படுகாயமடைந்தாள். சில மணி நேரத்தில் கூட்டம் திரண்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆய்வுக்காக வந்திருந்த யாங்கெல் ரோசன்பாம் என்ற 29 வயது யூத இளைஞர் குத்துப்பட்டு இறந்தார். மூன்று நாள் கலவரம். நகரின் முதல் கறுப்பின மேயரான டேவிட் டிங்கின்ஸ் அதைக் கையாண்ட விதம் 1993 தேர்தலில் பேசுபொருளாயிற்று, அவர் தோற்றார்.

அந்தப் பகுதியில் இன்றும் யூதர்களைவிடக் கறுப்பின மக்களே அதிகம். செப்டம்பர் தொடக்கத்தில் தொழிலாளர் தினத்தன்று அதே ஈஸ்டர்ன் பார்க்வேயில் கரீபிய மக்களின் மாபெரும் அணிவகுப்பு நடக்கும். ஆகையால் வெளியூர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தெருவை அடைத்துப் பாடிக்கொண்டு போகும்போது, அது வேறு பலருக்கும் சொந்தத் தெரு என்பது நினைவில் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கு வழிவிட்டு நடப்பதும் இந்தப் பயணத்தின் ஒழுங்கில் ஒன்று. பயண அட்டவணையில் கேவின் கேட்டோவுக்கும் யாங்கெல் ரோசன்பாமுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம். அரை நாள் கேட்கவில்லை நான்.

விளக்கேற்றியபின்

கிங்ஸ்டன் அவென்யூ கடைத்தெரு வெள்ளி மதியம்வரை பரபரப்பாக இருக்கும். அடுமனைகளில் பின்னல் ரொட்டியான ஹல்லா வாங்க வரிசை, பூக்கடை, புத்தகக்கடை. பிறகு ஒவ்வொரு கதவாக இறங்கும். விளக்கேற்றும் நேரமானதும் தெருவே மாறிவிடும்.

வெள்ளி இரவு விருந்துக்கு அந்த வீடுகளின் சாப்பாட்டு மேசை பலகை சேர்த்து நீட்டப்படும். எட்டு, பத்துப் பிள்ளைகள் பெற்ற குடும்பங்கள் இங்கே சாதாரணம். அதோடு விருந்தாளிகள். திராட்சைரச வாழ்த்து, கைகழுவுதல், ரொட்டி, மீன், சூப், கோழி, இடையிடையே பாட்டு. பிள்ளைகளில் பலருக்கு முழு ஓய்வுநாள் இதுவே முதல்முறை. ஊரில் வகுப்பில் தான் ஒருவன் மட்டுமே யூதன் என்ற நிலையில் படிப்பவர்கள் அவர்களில் கணிசம். விளையாட்டுப் போட்டி எப்போதும் சனிக்கிழமை, பள்ளி நடனம் எப்போதும் வெள்ளி இரவு. இங்கே அவன் விலக்கு இல்லை, அவன்தான் வழக்கம். அந்தத் தலைகீழ் மாற்றத்தை எந்தச் சொற்பொழிவாலும் கொடுக்க முடியாது.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் நேரம் சனி மதியம். காலைத் தொழுகை முடிந்து, வெள்ளி மாலையே அடுப்பில் ஏற்றி இரவெல்லாம் மெல்லக் கொதித்த சோலென்ட் என்ற பயறு-இறைச்சிக் கூட்டைச் சாப்பிட்டபின், செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. போன் இல்லை. கடை இல்லை. படம் எடுக்க முடியாது. எடுத்த படத்தை யாருக்கும் அனுப்பவும் முடியாது. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை ஒரு பதினாறு வயது ஆள் என்ன செய்வான்? நடப்பான். பக்கத்தில் வருபவனோடு பேசுவான். பிரேசில்காரனும் டெக்ஸாஸ்காரனும் கையை ஜேப்பில் விட்டுக்கொண்டு ஈஸ்டர்ன் பார்க்வேயின் நடுநடைபாதையில் மேலும் கீழும் நடப்பார்கள். 1870-களில் நடைக்கும் குதிரைவண்டிக்குமாக வடிவமைத்த அகலச் சாலை அது, இருபக்கமும் மரங்கள். எந்த ஏற்பாட்டாளரும் இந்த மூன்று மணி நேரத்தை நிகழ்ச்சியால் நிரப்பிவிடத் துடிப்பார். நிரப்பக்கூடாது என்பது என் கட்சி. பயணம் முழுவதும் சுமந்து வந்த நியூயார்க் என்ற பெயர் அங்கே நாலு தெருவாகச் சுருங்கிப்போகிறது. அப்படிச் சுருங்கினால்தான் பக்கத்தில் இருப்பவன் முகம் தெரிகிறது.

செவன் செவன்டியின் கீழ்த்தளம்

770-இன் பெரிய தொழுகைக் கூடம் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தேய்ந்த மரப் பெஞ்சுகள், கூட்டம், ஓயாத சத்தம். புகழ்பெற்ற இடமென்று அலங்காரத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ரெபே பல மணி நேரம் பேசியது இங்கே. 1986 முதல் 1992 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் நோட்டைக் கொடுத்து, இதைத் தர்மத்துக்குக் கொடுங்கள் என்று சொன்னதும் இந்த வளாகத்தில்தான். எண்பத்து நான்கு வயதில் தொடங்கிய வேலை அது. நின்றபடியே செய்தார்.

இங்கே குழுத்தலைவர் ஒளிக்க முடியாத ஒன்று உண்டு. ரெபேதான் மேசியா, அவர் மறையவில்லை என்று நம்பும் ஒரு பிரிவு இந்தக் கூடத்தில் வலுவாக இருக்கிறது. மஞ்சள் கொடிகளையும் சுவரில் எழுதிய முழக்கத்தையும் பிள்ளைகள் பார்க்கத்தான் போகிறார்கள். இயக்கத்தின் தலைமை அதை ஏற்பதில்லை. கட்டடம் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே நீண்டகால வழக்கு. 2024 ஜனவரியில், கட்டடத்தை ஒட்டி இளைஞர்கள் சிலர் ரகசியமாகத் தோண்டியிருந்த சுரங்கவழியை அடைக்க ஆட்கள் வந்தபோது கைகலப்பாகி, போலீஸ் வந்து கைது செய்த காட்சிகள் உலகம் முழுக்கப் பரவின. ஊரில் அதைக் கைபேசியில் பார்த்துச் சிரித்த பையன்தான் இப்போது இங்கே நிற்கிறான். கேட்கத்தான் செய்வான். “அது வேறு விஷயம்” என்று மழுப்புகிறவரைவிட, எங்கள் வீட்டுச் சண்டை இது என்று உட்கார்ந்து சொல்கிற ரபியை அவன் நம்புவான்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த இடம் வேறு மாதிரி. மேல் மாடத்தில், மங்கலான கண்ணாடிக்குப் பின்னால்தான் இடம். கீழே நடப்பது முழுதாகத் தெரியாது. ஊரில் தன் சகோதரனுக்குச் சமமாக மேடையேறித் தோரா என்ற யூத வேதத்தை வாசித்த பெண்ணுக்கு இது எரிச்சலூட்டலாம். இயக்கத்தின் பெண்கள் தங்கள் ஆண்டு மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் இங்கே கூடுகிறார்கள், ஹபாத் இல்லம் என்ற உள்ளூர் மையத்தைக் கணவனுக்குச் சமமாக நின்று நடத்துகிறார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் அந்தக் கண்ணாடி கண்ணாடிதான்.

இந்தியாவோடு உள்ள இழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2008 நவம்பரில் மும்பை கொலாபாவின் நரிமன் இல்லத்தில் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்ட கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பர்க் இந்தக் க்ரவுன் ஹைட்ஸ் தெருக்களில் வளர்ந்தவர். மனைவி ரிவ்காவும் உடன் கொல்லப்பட்டார். அவர்களின் இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தவர் இந்தியத் தாதி சாண்ட்ரா சாமுவேல். இங்கிருந்து இளம் தம்பதியர் முன்பின் தெரியாத ஊருக்குப் போய் வாழ்நாள் முழுக்கத் தங்குவதுதான் இயக்கத்தின் முறை. அழைத்து வந்த ரபியும் அப்படிப் போனவர்தான். பிள்ளைகளுக்கு அவர் பிறந்த தெருவைப் பார்ப்பது ஒரு வியப்பு: “இவ்வளவு சொந்தக்காரர்களை விட்டுவிட்டா எங்கள் ஊருக்கு வந்தீர்கள்?”

பிட்ஸ்பர்க் தொழுகைக் கூடத்தில் 2018-இல் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது, 2019-இல் கலிபோர்னியாவின் போவே ஹபாத் இல்லத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டது, 2023 அக்டோபருக்குப் பிந்தைய சூழல் எல்லாம் சேர்ந்து, வாசலில் காவல் இல்லாத யூதக் கூடுகை இன்று அமெரிக்காவில் அரிதாகிவிட்டது. இந்தப் பயணத்தின் செலவுக் கணக்கிலும் அது ஒரு வரி.

டைம்ஸ் சதுக்கம்

சனி மாலை ஆறரையைத் தாண்டினால் ஓய்வுநாள் முடியும். கோடையில் இது இரவு ஒன்பதுக்கு மேல் ஆகிவிடும். கூடுகையைக் குளிர்காலத்தில் வைப்பதற்கு இந்தக் கணக்கே போதிய காரணம் என்பேன். இருட்டியதும் பஸ்கள் வந்து நிற்கும். மன்ஹாட்டன்.

ஓய்வுநாளை வழியனுப்பும் சடங்குக்கு ஹவ்தாலா, பிரித்தல், என்று பெயர். திராட்சைரசம், மணக்கும் கிராம்பு, பல திரிகளைப் பின்னிய ஒரு மெழுகுவர்த்தி. வீட்டில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். அதைத் தொட்டு டைம்ஸ் சதுக்கத்தின் மின்விளம்பரங்களுக்கு நடுவே மேடை போட்டுப் பாட்டும் ஆட்டமுமாகப் பொழுதைக் கழிக்கிறார்கள். யூதன் என்று வெளியே காட்டிக்கொள்ள ஊரில் தயங்கிய பிள்ளை, உலகின் மிகப் பரபரப்பான சந்தியில் தொண்டை கட்டுமளவு பாடுகிறது. வீடியோக்கள் அந்த இரவே உலகம் சுற்றும். நன்கொடையாளர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல காட்சி கிடைக்காது என்பதும் உண்மைதான்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை. 25 மணி நேரம் போன் இல்லாமல் இருந்தபின், போனைக் கையில் எடுக்கிற முதல் நிமிடத்தையே நகரத்தின் மிகப் பெரிய திரைகளுக்கு முன்னால் வைப்பது, உண்ணாவிரதத்தை வளைகாப்புப் பந்தியில் முடிப்பது போல. அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. தெருவில் போகும் யூதரை நிறுத்தி, கையிலும் நெற்றியிலும் டெஃபிலின் என்ற தோல்பேழையைக் கட்டிப் பிரார்த்திக்கச் சொல்லும் இயக்கத்தை ரெபே தொடங்கியது 1967-இல். சமயம் வீட்டுக்குள் ஒடுங்க வேண்டியதில்லை, நடுத்தெருவுக்கே வரலாம் என்பது இவர்களின் அடிப்படைக் கொள்கை. அந்தக் கணக்கில் டைம்ஸ் சதுக்கம் இவர்களுக்கு அந்நிய இடமே இல்லை.

ஞாயிறு

ஞாயிறு நிறைவுக் கூட்டம், படம் எடுத்தல், கட்டிப்பிடித்தல், பெட்டி கட்டுதல். சில குழுக்கள் கூடுதலாக ஒரு நாள் தங்கி எல்லிஸ் தீவுக்கும், 1887-இல் கட்டிய எல்ட்ரிட்ஜ் தெருத் தொழுகைக் கூடத்துக்கும் போவதுண்டு. கொள்ளுத்தாத்தா கப்பலிலிருந்து இறங்கிய இடத்தைப் பார்ப்பது நல்லதே. நேரமில்லை என்றால் முதலில் வெட்ட வேண்டியதும் அதுதான். அருங்காட்சியகம் அடுத்த வருடமும் இருக்கும்.

ஊர் திரும்பியபின் வரும் முதல் வெள்ளிக்கிழமைதான் இந்தப் பயணத்தின் தேர்வு. பிள்ளையின் வீட்டிலிருந்து ஹபாத் இல்லம் காரில் நாற்பது நிமிடம். அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்கு இதில் பெரிய நாட்டமில்லை, பையனுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்க இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, கிடைத்தாலும் அன்று மாலை ஓட்டக்கூடாது. நடந்து போகிற தூரத்தில் எதுவும் இல்லாத புறநகர் அது. நியூயார்க்கில் நாலு தெருவுக்குள் கிடைத்ததை இங்கே எங்கே வைப்பது? இதைத் தெரிந்துவைத்திருக்கும் ரபிகள் பயணச் செலவில் மிச்சம் பிடித்து ஏழெட்டுப் பாய்மெத்தைகள் வாங்கி வைத்துவிடுவார்கள். வெள்ளி மதியம் பள்ளி விட்டதும் யாராவது ஒரு பெற்றோர் நாலு பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனால் போதும். சனி இரவு வந்து அழைத்துக்கொள்ளலாம்.